ஆமெனுக்கு முன்னால்

ஜோதிக்கு வயது முப்பத்தெட்டு. முழங்காலுக்கு மட்டும் அறுபது இருக்கும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பகலெல்லாம் கோழிப்பண்ணையில் கூண்டு வரிசைகளுக்கு நடுவே வண்டியைத் தள்ளிக்கொண்டு, குனிந்து நிமிர்ந்து முட்டை பொறுக்குகிற வேலை. சாயங்காலம் ஏழரை மணிக்கு வீட்டுச் சிமெண்டுத் தரையில் பிள்ளைகளோடு முழங்கால் போடுகிற வேலை. இரண்டாவதற்குச் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. முதலாவதற்கும் லீவு இல்லைதான். ஞாயிற்றுக்கிழமை என்று கோழி முட்டை போடாமல் இருந்துவிடுகிறதா என்ன?

நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, கண்ணுசாமி என்பவருடைய பண்ணை. அங்கே அவளுக்கு எட்டு வருஷ வேலை. பொறுக்கிய முட்டைகளை முப்பது முப்பதாக அட்டையில் அடுக்கி, கீறல் விழுந்ததைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். கோழி எச்சத்தின் நெடி முதல் வருஷம் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. அப்புறம் மூக்கு பழகிக்கொண்டது. பழகியது தன் மூக்கு மட்டும்தான் என்பது அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

புருஷன் கோகுல்ராஜ் நாக்பூர் பக்கம் லாரி ஓட்டுகிறான். இருபது நாளைக்கு ஒருமுறை வந்து, இரண்டு நாள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டுப் போவான். பதிமூன்று வயது கெசியாவையும் எட்டு வயது ஜோயலையும் வளர்ப்பது ஜோதியின் பொறுப்பு. கெசியா கைக்குழந்தையாக இருக்கும்போது இவர்கள் சபைக்கு வந்தவர்கள். ஞானஸ்நானம் எடுத்தபோதும் பழைய பெயர்களை மாற்றிக்கொள்ளவில்லை. பிள்ளைகளைச் சாமி என்று கூப்பிடக் கூடாது என்று ஒரு சகோதரி சொன்னாள். ஜோதி சரிங்க என்றாள். இத்தனை வருஷமாகியும் அவள் வாய் சாமி என்றுதான் கூப்பிடுகிறது.

ஒருதரம் சபையில் பிள்ளை வளர்ப்புக்கென்று சிறப்புக் கூட்டம் வைத்தார்கள். கோயமுத்தூரிலிருந்து காரில் வந்த பிரசங்கியார் பத்துக் குறிப்புகள் சொன்னார். தினமும் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும் என்பது நாலாவது குறிப்பு. ஜோதிக்கு அதுவரைதான் ஞாபகம். காலை நாலரைக்கு எழுந்த உடம்பு, ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தால் தூங்காமல் என்ன செய்யும்? மீதி ஆறு குறிப்பும் தெரியாமலேதான் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கென்று ஒரே ஒரு குறிப்பு இருந்தது. அதை அவளேதான் கண்டுபிடித்தாள். முன்பெல்லாம் அடிப்பாள். ஃபிரிட்ஜுக்கு மேலே ஒரு வேப்பங்குச்சி இருக்கும். திருத்துவதற்கு அடிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டாலும், பாதி நாள் அது வேலைக் களைப்பில் விழுகிற அடி என்பது அவளுக்கே தெரியும். ஒருநாள் ஜோயல் எதையோ உடைத்துவிட்டு, குச்சிக்குப் பயந்து, பூனை தள்ளியது என்றான். அந்த வீட்டுப் பக்கமே பூனை கிடையாது. பயந்த முகத்தோடு அவன் இல்லாத பூனைக்கு நிறம்கூடச் சொன்னதைக் கேட்டபோது ஜோதிக்கு அடிக்க மனம் வரவில்லை. நாம் அடித்து அடித்துப் பிள்ளைக்குப் பொய்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்று அழுகையாக வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சட்டம் போட்டாள். குடும்ப ஜெபத்தில் ஆமென் சொல்வதற்கு முன்னால், அன்று செய்த தப்பைத் தன் வாயால் சொல்லிவிட்டால் அடி இல்லை, திட்டு இல்லை, மறுநாள் அதைப் பற்றிப் பேச்சும் இல்லை. ஆமெனுக்குப் பின்னால் தெரியவந்தால் உண்டு. மூத்தவள் என்பதால் கடைசி ஆமென் சொல்கிற உரிமை கெசியாவுக்கு.

முதல் வாரமே ஜோயல் சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்தான். தன் தப்பை விட்டுவிட்டு அக்காவின் தப்புகளை வரிசையாகக் கர்த்தரிடம் ஒப்புவிக்க ஆரம்பித்தான். ஜோதி இரண்டாவது சட்டம் போட்டாள்.

"அவங்கவங்க தப்ப அவங்கவங்கதான் சொல்லோணும். அடுத்தவங்க தப்பச் சொன்னா, சொன்னவங்களுக்குத்தான் அடி."

நாலு வருஷம் இந்த இரண்டு சட்டத்தில் வண்டி ஓடியது. குச்சி ஃபிரிட்ஜுக்கு மேலேயே காய்ந்து கிடந்தது. ஜோயல் பென்சில் திருடியதைச் சொன்னான். கெசியா டீச்சருக்குப் பட்டப்பெயர் வைத்ததைச் சொன்னாள். ஜோதியும் சொல்லுவாள். பண்ணையில் ஒருத்தியைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டேன் என்று ஒருநாள் அவள் ஜெபித்தபோது, என்ன வார்த்தை என்று கேட்டு ஜோயல் உயிரை எடுத்துவிட்டான்.

போன ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கெசியாவின் முறை வந்தது. பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மூச்சு விடாமல் சொன்னாள்.

"எங்க கிளாஸ்ல எங்கம்மா பேங்க்ல வேலை பாக்கறாங்கன்னு சொல்லீட்டேன். ரெண்டு வருசமா அப்பிடித்தான் சொல்லீட்டு இருக்கறேன். அன்னைக்கு ஸ்கூல் மீட்டிங் இல்லைன்னு சொன்னது பொய். அம்மா வந்தா கோழி நாத்தம் அடிக்கும்னு வெக்கமா இருந்துது. மன்னிச்சிருங்க ஆண்டவரே. ஆமென்."

சட்டம் சட்டம்தான். ஜோதி எழுந்து சோறு போட்டாள். இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமா என்று கேட்டாள். பாத்ரூமுக்குப் போய்த் தலைக்கு இரண்டு பாக்கெட் ஷாம்பு போட்டுக் குளித்தாள். மறுநாளும் பேச்சு இல்லை. பிள்ளை தைரியமாகச் சொல்லிவிட்டாளே என்று ஒரு பக்கம் நிம்மதி இருக்கத்தான் செய்தது. இன்னொரு பக்கம், யாருக்காக இந்த நாற்றத்தில் நிற்கிறேன் என்று வயிறு எரிந்தது. அவள் போட்ட சட்டம் பிள்ளையைக் காப்பாற்றியது. அவளைக் காப்பாற்ற அதில் ஒரு வரிகூட இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு உபவாச ஜெபத்துக்குப் போனாள். அங்கே விண்ணப்பச் சீட்டு என்று ஒரு வழக்கம் உண்டு. அவரவர் பாரத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால், பாஸ்டரம்மா அமுதவல்லி ஒவ்வொன்றாகப் படித்து ஜெபிப்பாள். ஜோதி எழுதினாள்: 'மகள் கெசியா, தாயின் பண்ணை வேலைக்கு வெட்கப்பட்டுப் பள்ளியில் பேங்க் வேலை என்று பொய் சொல்லாமல் இருக்க.'

அமுதவல்லி நல்ல மனுஷி. அவள் குரலுக்கு மைக் தேவையே இல்லை, ஆனாலும் பிடித்துக்கொள்வாள். சீட்டை ஒரு எழுத்து விடாமல் படித்து, கண்ணீர் விட்டு ஜெபித்தாள். நாற்பது பெண்கள் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றார்கள். பக்கத்தில் இருந்தவள் ஜோதியின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கினதுபோல இருந்தது. வீட்டுக்கு வரும்போது ஜோதி பாட்டுக்கூடப் பாடிக்கொண்டு வந்தாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் கூசும்.

அந்த நாற்பது பேரில் ஒருத்தியின் மகள் பெனிட்டா, கெசியாவின் வகுப்பு. அம்மாக்காரி வீட்டுக்குப் போய், அந்தப் பிள்ளைக்காக நீயும் ஜெபம் பண்ணு கண்ணு என்று மகளிடம் சொல்லியிருக்கிறாள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. பெனிட்டா ஜெபம் பண்ணினாளோ என்னவோ, வகுப்பில் சொன்னாள்.

திங்கட்கிழமை கெசியா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைத் திறந்து தரையில் கொட்டினாள். புத்தகங்களோடு ஏழு அவித்த முட்டை உருண்டது. மதியச் சத்துணவில் கொடுத்தவை. இரண்டு நசுங்கி, கணக்கு நோட்டில் மஞ்சள் கரு அப்பியிருந்தது.

"என்ன சாமி இது?"

"டெபாசிட். உங்கம்மா பேங்க்ல போட்டுருன்னு ஆளுக்கொண்ணு குடுத்தாளுக."

ஜோதிக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஆமெனுக்கு முன்னாலதானே சொன்னேன்?" என்றாள் கெசியா. அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஜோதிக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நான் அடிக்கலயே சாமி. திட்டக்கூட இல்லயே. ஜெபத்துக்குத்தானே குடுத்தேன்."

கெசியா முட்டைகளைப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டு அம்மாவுக்கு முன்னால் வைத்துவிட்டுக் கணக்கு நோட்டைத் துடைக்கப் போய்விட்டாள்.

அன்றைய ஜெபத்தில் அவள் முறை வந்தபோது, "ஒண்ணுமில்லீங்க. ஆமென்" என்றாள். மறுநாளும் அதேதான். அம்மாவை எப்போதும் நீ என்று கூப்பிடுகிறவள், அதற்குப் பிறகு ஊரார் வீட்டுப் பெண்ணைப்போல ங்க போட்டுப் பேசினாள். கேட்டதைச் செய்தாள். பாத்திரம் கழுவினாள், தம்பிக்குத் தலை சீவிவிட்டாள், மனப்பாட வசனம் பிசகாமல் சொன்னாள். பார்க்கிறவர்களுக்கு அவ்வளவு அடக்கமான பிள்ளை. சபையில்கூட இரண்டு பேர் ஜோதியிடம், ஜெபம் கேக்கப்பட்டுருச்சு பாருங்க என்றார்கள். ஜோதிக்குத் தலையை எங்காவது முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

ஒரு வாரம், இரண்டு வாரம் என்று ஆறு வாரம் போனது. பரோட்டா வாங்கி வந்து பார்த்தாள். புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தாள். நன்றிங்க என்று வாங்கிக்கொண்டாள் மகள். கோகுல்ராஜிடம் போனில் சொன்னபோது, "வயசுப்புள்ள அப்பிடித்தான் இருக்கும், நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத, இரு, டீசல் போடறாங்க, கூப்புடறேன்" என்றான். கூப்பிடவில்லை. களைப்பு என்றால் உடம்புக் களைப்பு மட்டும்தான் என்று ஜோதி நினைத்திருந்தாள். ஒரே வீட்டில் இருக்கிற பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டு தினமும் முழங்காலில் காத்திருப்பது, இருபதாயிரம் கோழிக்கு முட்டை பொறுக்குவதைவிட ஆளைச் சோர வைக்கிறது.

ஏழாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. பண்ணையில் இரண்டு பேர் வரவில்லை, மூன்று ஆள் வேலையை ஒருத்தியாகப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "ஒண்ணுமில்லீங்க. ஆமென்" என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்துபோய்க் குச்சியை எடுத்தாள்.

"என்ன புள்ள ஒண்ணுமில்ல? வாயத் தெறந்து சொல்லு!" ஒரே அடி. கெண்டைக்காலில் விழுந்தது.

கெசியா நகரவில்லை. "என்ன தப்புக்குன்னு சொல்லீட்டு அடிங்க" என்றாள்.

ஜோதி குச்சியை மறுபடி ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்துவிட்டுச் சோறு போட்டாள். ஜோயல் மட்டும் சாப்பிடாமல் அக்காவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை சபையைப் பெருக்கப் போனபோது அமுதவல்லியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். பாஸ்டரம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

"அய்யோ, பேரோட படிச்சிருக்கக் கூடாதுங்க நான். என்ர மேலயும் தப்பு" என்றாள். பிறகு, "ஒண்ணு பண்ணுங்க. நாளைக்கு சாட்சி சொல்ற நேரத்துல எந்திரிச்சு, எல்லாத்து முன்னாலயும் அந்தப் புள்ளகிட்ட மன்னிப்புக் கேட்டுருங்க. எல்லாத்து முன்னாலயும் நடந்தது எல்லாத்து முன்னாலயுமே சரியாகட்டும். மத்த தாய்மாருக்கும் பிரயோசனமா இருக்கும்" என்றாள்.

ஜோதிக்கும் அது நியாயமாகப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் பண்ணைக்குப் போய் முதல் நடை முட்டையைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, குளித்து, முகத்துக்குப் பவுடர் போட்டு, பிள்ளைகளோடு சபைக்கு ஓடினாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சாட்சி நேரம் வந்ததும் கை தூக்கினாள். மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். என்ர மக கெசியா..." என்று ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குள் சபை முழுவதும் கெசியா பக்கம் திரும்பியது. பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளை இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையை நுழைத்து, கைகளால் மூடிக்கொண்டாள். அடி வாங்கிப் பழகின பிள்ளைகள் அப்படித்தான் உட்காருவார்கள். ஜோதிக்கு அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் நடந்ததைச் சொல்ல வேண்டும். நடந்ததைச் சொன்னால் பேங்க், பொய், நாற்றம் எல்லாம் மறுபடி மைக்கில் வரும். தன் மனசு லேசாவதற்குப் பிள்ளையை இன்னொருதரம் கூட்டத்தில் நிறுத்தப் பார்த்தோமே என்று அவளுக்கே அருவருப்பாகிவிட்டது.

"...எல்லாரும் நல்லா இருக்கறோமுங்க. ஸ்தோத்திரம்" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாள்.

இதற்கா மைக் வாங்கினாள் என்று முன்வரிசையில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அமுதவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்கு நடந்து திரும்பும்போது பின்னால் வந்த கெசியா கேட்டாள்.

"என்ன சொல்லப் போனீங்க?"

"ஊட்டுல சொல்றேன்" என்றாள் ஜோதி.

மத்தியானம் மறுபடி பண்ணை. திரும்பி வரும்போது ஏழேகால். தொட்டியில் தண்ணீர் இல்லை, குளிக்க முடியவில்லை. வேலைக்குச் சேலைமேல் போட்டிருந்த சட்டையைக் கழற்றி வெளியே தொங்கப் போட்டுவிட்டு, முகம் கை மட்டும் கழுவிக்கொண்டு அப்படியே முழங்கால் போட்டாள்.

ஜோயல் முதலில். சர்ச்சில் தூங்கியதையும், தூங்காத மாதிரி ஆமென் சொன்னதையும் அறிக்கையிட்டான். அடுத்து ஜோதி.

"ஆண்டவரே, அடுத்தவங்க தப்பச் சொல்லக் கூடாதுன்னு நான்தான் இந்த ஊட்டுல சொன்னேன். நானே கெசியா சொன்னதக் கொண்டுபோயி சீட்டுல எழுதிக் குடுத்தேன். ஜெபத்துக்குன்னு அவகிட்டச் சொன்னேன். அது பொய்யி. எனக்கு வலிச்சுது. அவளுக்கும் கொஞ்சம் வலிக்கட்டும்னு இருந்துது எனக்கு. அதான் நெசம். அப்பறம், ஒண்ணும் பண்ணாத புள்ளையக் குச்சில அடிச்சேன். என்ர கோவத்துக்கு அடிச்சேன்."



"அம்மா ஆமெனுக்கு முன்னாலயே சொல்லீட்டாங்க. அடி கெடையாது" என்று ஜோயல் ஒற்றைக் கண்ணைத் திறந்து அக்காவிடம் குசுகுசுத்தான். இன்றைக்கு யார் யாரை அடிப்பது என்ற குழப்பம் அவனுக்கு.

இனி கெசியாதான் ஆமென் சொல்ல வேண்டும். அவள் சொல்லவில்லை. ஒண்ணுமில்லீங்க என்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு டிவியில் யாரோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜோதியின் வலது முழங்கால் விண் விண் என்று தெறித்தது. எழுந்துவிடலாமா என்றிருந்தது. எழவில்லை. ஆறு வாரம் காத்திருந்தவளுக்கு இன்னும் ஐந்து நிமிஷம் பெரிதில்லை.

"எனக்கு இன்னமும் வெக்கமாத்தான் இருக்குதும்மா" என்றாள் கெசியா.

கண்ணை மூடிக்கொண்டேதான் சொன்னாள்.

"பொய் இனிமே சொல்ல மாட்டேன். இப்பத்தான் எல்லாத்துக்கும் தெரியுமே. ஆனா வெக்கம் போகல. போகோணும்னு தினமும் மனசுக்குள்ள ஜெபம் பண்ணீட்டுத்தான் இருந்தேன். போகல. நீ பஸ் ஸ்டாப்புல நின்னா இப்பவும் நான் வேற பக்கம் பாக்கறேன். நீ எங்களுக்காகத்தான் போறன்னு தெரியும். தெரிஞ்சும் பாக்கறேன்." மூக்கை உறிஞ்சினாள். "ஆமென்."

கேட்கச் சந்தோஷமான வார்த்தை அதில் ஒன்றுகூட இல்லை. பஸ் ஸ்டாப்பில் வேறு பக்கம் பார்ப்பது ஜோதிக்குப் புதுச் செய்தி. நெஞ்சில் குத்தத்தான் குத்தியது. ஆனால் பிள்ளை அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை, அவளிடம் சொன்னாள். இனி இதை எந்தச் சீட்டிலும் எழுத முடியாது. திட்ட முடியாது, நாளைக்குக் கேட்கவும் முடியாது. வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

"ஆமென் சாமி" என்றாள் ஜோதி.

எழுந்திருக்கப் பார்த்தாள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பக்கத்திலிருந்த மகளின் தோளைப் பிடித்துப் பாரத்தை எல்லாம் அதில் போட்டு மெல்ல எழுந்தாள். அவள் தலைமுடி கெசியாவின் முகத்துக்கு நேரே வந்தது. கெசியா மூக்கைச் சுளித்தாள். தோளை மட்டும் எடுக்கவில்லை.